ஏழாம் மேஜையின் ஆர்க்கிட்

ராக்கம்மாள் ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அதில் ஒரு குறையாவது கண்டுபிடிக்காமல் கீழே வைக்கமாட்டார். அது அவருடைய குணம் இல்லை, வேலை. முதலிபாளையத்தில் உள்ள எங்கள் பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செக்கிங் பிரிவில் இருக்கிறார். தைத்து வந்த பனியனை மேஜைமேல் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பாக ஒரு சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். அந்த ஸ்டிக்கர் சுருளை இடது மணிக்கட்டில் வளையல் போல மாட்டியிருப்பார். ஒரு ஷிப்டில் சராசரியாக அறுநூற்று நாற்பது பனியன் பார்ப்பார். முப்பதில் ஒன்று அம்பு வாங்கும்.

இதெல்லாம் நான் எழுதி வைத்த கணக்கு. அதே கம்பெனியின் லேபில் முப்பத்தொரு ஆண்டுகள் நிறம் பார்த்தவன் நான். இப்போதும் வாரம் இரண்டு நாள் போய்ப் பழைய ஷேடு ரிஜிஸ்டர்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். லேபில் லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி உண்டு. உள்ளே துணியை வைத்து ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டால், பகல் வெளிச்சம், கடை விளக்கு, வீட்டு பல்பு என்று வெளிச்சம் மாறும். ஒரே துணி பகலில் ஒரு நிறம், கடையில் ஒரு நிறம். அதனால் எந்த வெளிச்சத்தில் பார்த்தது என்று எழுதாமல் நாங்கள் எந்த நிறத்தையும் எழுதமாட்டோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ராக்கம்மாளுக்கு ஆர்க்கிட் வந்து சேர்ந்த நாள் 2022 பிப்ரவரி 14, திங்கட்கிழமை. பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் வருகிறார் என்று ஆபீஸ் வரவேற்பறையில் ஒரு தொட்டி வாங்கி வைத்திருந்தார்கள். பையர் போய்விட்டார், பூவும் உதிர்ந்துவிட்டது, தொட்டியைக் கட்டிங் வேஸ்ட் மூட்டைகளோடு வெளியே போட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவப் போன ராக்கம்மாள் அதை எடுத்து, வழக்கம்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நேராக லேபுக்கு வந்தார்.

"இதுல ஒரு குத்தமும் இல்லையேய்யா. எதுக்கு ரிஜெக்ட் பண்ணாக?"

"பூ முடிஞ்சுதுங்கம்மா. அதனால போட்டுட்டாங்க."

"பூ முடிஞ்சா? எனக்கு நாப்பத்தஞ்சு முடிஞ்சிருச்சு, என்னையவும் மூட்டையில கட்டிருவாகளா?"

வீட்டுக்குக் கொண்டுபோனார். அவரும் அவர் கணவர் அழகுமலையும் இருப்பது தகரக் கூரை போட்ட லைன் வீடு. ஒன்பது நாளில் இரண்டு இலை சுருங்கி, மூன்றாவது இலையும் யோசிக்க ஆரம்பித்துவிட்டது. பத்தாம் நாள் தொட்டியைத் திரும்பக் கம்பெனிக்கே கொண்டுவந்து, தான் வேலை செய்யும் ஏழாம் எண் மேஜைக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்தார். வடக்குப் பார்த்த ஜன்னல். வெயில் படாது, வெளிச்சம் மட்டும் வரும். பகலில் அந்த மேஜைக்கு டியூப்லைட்டே வேண்டாம். சுவருக்கு அந்தப் பக்கம் அயர்னிங் பிரிவு. சுவருக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் நாள் முழுவதும் நீராவி வந்துகொண்டே இருக்கும். மலைக்காட்டில் மரத்தின்மேல் வளரும் செடிக்கு இதைவிடச் சுகமான இடம் திருப்பூர் மாவட்டத்திலேயே கிடையாது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஜன்னலில் வைத்த இருநூற்று எண்பத்தெட்டாம் நாள், டிசம்பர் 8 அன்று, இலையிடுக்கில் பூத்தண்டு எட்டிப் பார்த்தது. பிறகு அதில் ஒன்பது வெள்ளைப் பூ விரிந்தது.

"ஆத்தாடி, அப்பிடியே பூச்சி ரெக்கைய விரிச்ச மாதிரி இருக்குல்ல?" என்றார் ராக்கம்மாள். செல்போனில் தேடிப் பார்த்தோம். அதன் பெயரே அந்துப்பூச்சி ஆர்க்கிட்தான்.

பக்கத்து மேஜை ஜோதிகா விழுந்து விழுந்து சிரித்தாள். அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயது, கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். "குடோன்ல அந்துப்பூச்சிய வெரட்டக் கம்பெனி மருந்து வாங்குது. யக்கா அதையே தண்ணி ஊத்தி வளக்குது!"

அதற்குப் பிறகு ராக்கம்மாளைப் பிடிக்க முடியவில்லை. சாப்பாட்டு நேரம் முழுவதும் செல்போனில் ஆர்க்கிட். புரியாத மொழியில் யாரோ பேசும் வீடியோவைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்து, கை அசைவிலேயே பாடம் கற்றார். ஒளி போகிற பிளாஸ்டிக் டம்ளரில் ஊசியைக் காய்ச்சி ஓட்டை போட்டுத் தொட்டி செய்தார். தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் போட்டு, செடி சாயாமல் பனியன் வேஸ்ட் துணியால் கட்டினார். 2023 ஆகஸ்டில் ஆன்லைனில் முதல் செடி வாங்கினார். நீல ஆர்க்கிட். பெட்டியைப் பிரித்ததும் செக்கிங் பிரிவே மேஜையை விட்டு ஓடிவந்தது. அப்படி ஒரு நீலம்.

எனக்கு அந்த நீலத்தை எங்கேயோ பார்த்த ஞாபகம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பூத்தண்டைக் கீழிருந்து மேலே பார்த்தேன். அடியில் ஊசி முனை அளவு ஓட்டை, அதன்மேல் மெழுகு, சுற்றிலும் நீலத் திட்டு.

"ராக்கம்மா, இது சாயமுங்க. தண்டுல ஊசி போட்டு ஏத்தியிருக்காங்க."

அவர் நம்பவில்லை. தண்டின் நுனியைக் கொஞ்சம் வெட்டி, ஈரமான வெள்ளைப் பனியன் துணியில் வைத்து அழுத்தினேன். துணி நீலமானது. பிறகு ராக்கம்மாளே முதலில் சிரித்தார். "சாயப்பட்டறை ஊருக்கே சாயம் போட்ட பூவ வித்துப்புட்டானேய்யா!" அன்று மதியம் செக்கிங் பிரிவில் யாருக்கும் சோறு இறங்கவில்லை, சிரித்துச் சிரித்துப் புரையேறியதுதான் மிச்சம். அடுத்த ஆண்டு அந்தச் செடி ஒன்றும் தெரியாததுபோல வெள்ளையாகப் பூத்தது.

அன்றைக்கு ராக்கம்மாள் இரண்டு முடிவு எடுத்தார். இனிமேல் கண்ணால் பார்த்துத்தான் வாங்குவது. கலப்பு எதையும் வாங்குவதில்லை. இந்த ஆர்க்கிட்டில் காட்டில் தானாக வளர்ந்த அசல் இனங்கள் சில டஜன் உண்டு. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து மனிதர்கள் உண்டாக்கிய கலப்பினங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கடையில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் கலப்புதான். ராக்கம்மாள் இதைத் தன் வழியில் புரிந்துகொண்டார். அசல் இனம் என்றால் நூறு சதவீதம் காட்டன். கலப்பு என்றால் மிக்சிங்.

அவருக்குப் பிடித்த அசல் இனம் ஒன்று இருந்தது. பெயர் ஷில்லேரியானா. அந்தப் பெயர் அவர் வாயில் கடைசிவரை நுழையவில்லை. கரும்பச்சை இலையில் வெள்ளி வரி ஓடுவதால் வரிக்குதிரை என்று வைத்துக்கொண்டார். இலைக்கு அடிப்பக்கம் கத்தரிப்பூ நிறம். தண்டு கிளை பிரிந்து கொத்துக் கொத்தாக ரோஸ் நிறத்தில் பூக்கும். அந்தப் படம்தான் அவர் செல்போனைத் திறந்ததும் வரும். அயர்னிங் மாஸ்டர் முருகவேல் அதைப் பார்த்துவிட்டு, "முன்ன முருகன் படமில்லீங்க இருந்துச்சு? அவர எங்கீங்க அனுப்பிச்சீங்க?" என்று கேட்டார். "லீவுல போயிருக்காரு" என்றார் ராக்கம்மாள்.

ஒரே ஒரு சிக்கல். ஸ்டூவர்ட்டியானா என்று இன்னொரு அசல் இனம் இருக்கிறது. அதே இலை, அதே வெள்ளி வரி, அடியில் அதே நிறம். ஆனால் பூ வெள்ளை, கீழ்ப்பாதியில் செம்புள்ளிகள். பூக்கிறவரை எது எது என்று சொல்ல முடியாது என்று படித்தவர்கள் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். அதை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"அவுகளுக்குத் தெரியாதுன்னு சொல்லச் சொல்லுங்க. அறுநூத்தி நாப்பது பீஸுல ஒரு நூல் விட்டதக் கண்டுபிடிக்கிறவ நான். வெள்ளையில புள்ளி எனக்கு வேணாம்யா. இருபத்திரெண்டு வருசமா அதத்தான தள்ளிக்கிட்டிருக்கேன்!"

2024 செப்டம்பரில் ஒரு சங்கடம் வந்தது. புது மெஷின் போடுவதற்காக மற்ற மூன்று ஜன்னல்களையும் அடைக்கப் போவதாக முதலாளி தரணீதரன் சொன்னார். மிஞ்சுவது ஏழாம் மேஜை ஜன்னல் ஒன்றுதான். ஜோதிகா அதைக் கேட்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. டியூப்லைட்டுக்கு அடியில் உட்கார்ந்தால் மதியத்துக்குள் அவளுக்குக் கண்ணில் நீர் வடியும். ராக்கம்மாளுக்கோ அந்த ஜன்னலில் பதினோரு செடி. அது போனால் தகரக் கூரைக்குக் கீழ் பத்து நாள்தான்.

முதலாளி இரண்டு பேரையும் பார்த்தார். "இதுல நான் வரமாட்டனுங்க. நீங்களே பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க, மேஜைய அதுக்கப்பறம் மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

இரண்டு பேரும் பேசினார்கள். பேசினார்கள் என்பதைவிட, இரண்டு வாரம் பேசாமல் இருந்தார்கள் என்பதுதான் சரி.

இந்த நிலையில்தான், உடுமலைப்பேட்டைக்கு அப்பால் ஒருவரிடம் வரிக்குதிரை இருக்கிறது என்று தகவல் வந்தது. 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை காலை பல்லடம் வழியாகப் போகும் பஸ் ஏறினோம். நிறத்துக்குச் சாட்சியாக என்னை அழைத்திருந்தார். பஸ் ஸ்டாண்டில் போய்ப் பார்த்தால் ஜோதிகாவும் நிற்கிறாள். "ஏமாறுறதப் பக்கத்துல இருந்து பாக்கணும்ல யக்கா" என்றாள். ராக்கம்மாள் முறைத்தார். ஆனால் ஜன்னல் சீட்டில் அவளைத்தான் உட்கார வைத்தார். பல்லடம் தாண்டுவதற்குள் இரண்டு வார மௌனமும் கரைந்து, ஒரு பொட்டலம் வேர்க்கடலையும் காலியாகிவிட்டது.

தென்னந்தோப்புக்குள் பச்சை வலை கட்டி ஆர்க்கிட் வளர்ப்பவர் பெயர் சிவராஜ். வலைக்கு மேலே காற்றாலை இறக்கைகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. "வாங்க சாமி, வாங்க அம்மணி. பொறுமையாப் பாருங்க. தொட்டுப் பாக்கறதுக்கெல்லாம் ஒண்ணுஞ் சொல்லமாட்டனுங்க" என்று சொல்லிவிட்டு, போர்வெல் மோட்டார் ஓடவில்லை என்று பார்க்கப் போனார். அந்த வார்த்தைக்காக அவர் பிறகு வருந்தினார்.

ராக்கம்மாள் பூத்திருந்த செடிகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "பூவப் பாத்து வாங்குனா பூவோட போயிரும். செடியப் பாக்கணும்" என்று சொல்லி ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். தொட்டியைத் தூக்கி, செடியின் அடியைப் பிடித்து லேசாக ஆட்டுவார். ஆடினால் வேர் இல்லை. ஒளி போகிற தொட்டியானால் வேரைப் பார்ப்பார். வெள்ளியும் பச்சையுமாக இருந்தால் சரி, பழுப்பானால் அழுகல். இலையைத் திருப்பி அடியில் செல்போன் டார்ச் அடிப்பார். நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கி அழுகியிருக்கிறதா என்று முகர்ந்துகூடப் பார்ப்பார். நான் நோட்டுப் புத்தகத்தில் தொட்டி எண்ணைக் குறித்துக்கொண்டே போனேன். அதனால் அவருடைய இடது மணிக்கட்டைக் கவனிக்கவில்லை.

ஒரு மணி இருபது நிமிடத்தில் நூற்றுப் பன்னிரண்டு தொட்டி முடிந்தது. மோட்டாரைச் சரிசெய்துவிட்டுத் துண்டால் கையைத் துடைத்தபடி வந்த சிவராஜ் வலைவாசலிலேயே நின்றுவிட்டார். நாற்பத்தேழு செடிகளில் அறுபத்தொரு சிவப்பு அம்பு.

"அய்யோ அம்மணி, என்னுங்க இது! செடிக்கெல்லாம் அம்மை போட்ட மாதிரி பண்ணி வெச்சிருக்கீங்க!"

ராக்கம்மாள் அப்போதுதான் தன் கையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையும் சுருளை மாட்டிக்கொண்டு வந்தது அவருக்கே தெரியவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "குத்தம் இருக்குங்க, அதான் கை தன்னால ஒட்டிருச்சு. இந்தா பாருங்க, இதுக்கடியில வெள்ளைப்பூச்சி. இது குருத்து அழுகல். இதுல வேரே இல்ல, சும்மா நிக்குது."

சிவராஜ் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். எல்லாம் உண்மை. அவர் ஸ்டிக்கரை உரிக்க ஆரம்பித்த நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. கோயம்புத்தூர்க்காரர்கள், கணவனும் மனைவியும். உள்ளே வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அந்தம்மா கேட்டார்: "ஏனுங்க, இந்த ஆரோ மார்க் ஒட்டுனதெல்லாம் ஸ்பெஷல் வெரைட்டிங்களா?"

சிவராஜ் வாயைத் திறந்தார். ராக்கம்மாள் முந்திக்கொண்டார். "அதத் தொடாதீகம்மா, அதெல்லாம் ரிஜெக்ட்டு! அம்பு இல்லாததா எடுங்க."

அந்தம்மா கணவன் பக்கம் திரும்பி, எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி ரகசியம் சொன்னார். "பாத்தீங்களா, நல்லதெல்லாம் அவங்க மார்க் பண்ணி வெச்சிருக்காங்க. விடாதீங்க, எடுங்க."

"அய்யோ, சத்தியமா குத்தமுங்க!"

"ஆமாமா, சொல்லுவீங்க" என்று சொல்லி அவர் இரண்டு தொட்டிகளை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். சிவராஜும் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. ஒன்பது தொட்டி போயிற்று. அதில் ஒன்றுக்கு மூன்று அம்பு. அதைத்தான் அந்தம்மா மடியில் வைத்துக்கொண்டு போனார். மனம் கேட்காமல் சிவராஜ் கார் பின்னால் ஓடி, பூச்சி மருந்துப் பொட்டலம் ஒன்றை இலவசமாக ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டு வந்தார். ஜோதிகா தேங்காய் மட்டைக் குவியல்மேல் உட்கார்ந்து சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மணி" என்றார் சிவராஜ் மூச்சு வாங்க, "எட்டு வருசமா யாவாரம் பண்றனுங்க. ஒரே நேரத்துல ஒம்பது செடி வித்ததே கெடையாது. உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

"வரிக்குதிரை."

கடைசி வரிசையில் எட்டுத் தொட்டி இருந்தன. மலைமேல் ஓர் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது மொத்தமாக எடுத்து வந்தவை. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய பட்டை செருகியிருந்தது. எட்டுப் பட்டையும் வெயிலில் வெளுத்து வெறுமையாக இருந்தன. ரோஸும் உண்டு, புள்ளி வெள்ளையும் உண்டு, எது எது என்று தனக்கும் தெரியாது என்றார் சிவராஜ். "ஒண்ணு எடுத்துக்கோங்க, பாதி வெலைக்குத் தரனுங்க. பூத்தப்பறம் மாத்தித் தர முடியாது, அதையும் சொல்லிப்புட்டேன்."

ஐம்பது நிமிடம். ராக்கம்மாள் எட்டையும் தரையில் இறக்கி, சுற்றி வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு இலையின் அடியையும் வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஐந்தாம் தொட்டியில் நின்றார்.

"இதுதான். அடியில நிறம் நல்லா ஏறியிருக்கு. அடியில இம்புட்டு ஏறுனா மேல பூவுல ரோஸு வந்தே தீரும்."

ஜோதிகா எழுந்து வந்து பார்த்தாள். "யக்கா, இது வெள்ளை. புள்ளியோட வரும் பாரு."

"ரோஸுடி."

"வெள்ளை."

"ரோஸு வரலைன்னா என் மேஜைய எடுத்துக்கடி!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. முகம் மாறிவிட்டது. ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது. ஜோதிகாவின் கண் விரிந்தது. "அய்யா, எழுதுங்க!" என்றாள் என்னிடம்.

எழுதினேன். "06-10-2024, பிற்பகல் 1.10. இந்தச் செடி ரோஸ் நிறத்தில் பூத்தால் ஏழாம் மேஜை ராக்கம்மாளுக்கு. வெள்ளை நிறத்தில் பூத்தால் ஜோதிகாவுக்கு. இருவருக்கும் சம்மதம்." இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். சிவராஜ் சாட்சி.

அடுத்த நாளே கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது. முதலாளி, "அப்ப பூ விரியட்டுமுங்க" என்று மேஜை மாற்றுவதைத் தள்ளிவைத்தார். மெஷின் பெட்டியோடு மூலையில் காத்திருந்தது. டிசம்பர் மூன்றாம் வாரம் குளிர் இறங்கி, என் தெர்மாமீட்டரில் அதிகாலை 18.5 டிகிரி காட்டிய ஆறாம் நாள் தண்டு வந்தது. அது தண்டா வேரா என்று இரண்டு நாள் சண்டை. முருகவேல் வேர் என்றார், தோற்றார், எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பிப்ரவரியில் பத்தொன்பது மொட்டு. மொட்டு பச்சையாக இருந்து, பிறகு லேசாகச் சிவந்தது. ராக்கம்மாள் நடை துள்ளியது. இரண்டு நாள் கழித்து வெளுத்தது. ஜோதிகா பாட்டுப் பாடிக்கொண்டே பனியன் மடித்தாள். அயர்னிங் பக்கத்திலிருந்து ஆட்கள் தண்ணீர் குடிக்க வருகிறேன் என்று வந்து மொட்டைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்காமல் போனார்கள். ராக்கம்மாளுக்கு மட்டும் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. ஒரு மதியம் நான் போனபோது பதினோரு பழைய செடிகளையும் ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கொள்ளுதான்னு பாத்தேன்யா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

2025 பிப்ரவரி 27, வியாழக்கிழமை காலை 9.40-க்கு முதல் பூ விரிந்தது.

"ரோஸு!" ராக்கம்மாள் போட்ட சத்தத்தில் தையல் பிரிவில் மெஷின்கள் நின்றன. ஓடிப் போய்ப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் இளம் ரோஸ், சந்தேகமே இல்லை. ராக்கம்மாள் ஜோதிகாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தார்.

ஜோதிகா கையை உருவிக்கொண்டு, தொட்டியைத் தூக்கித் தன் மேஜையில் டியூப்லைட்டுக்கு அடியில் வைத்தாள். பூ வெள்ளை. அதுவும் சந்தேகமே இல்லை.

"வெள்ளை!" இப்போது ஜோதிகா குதித்தாள்.

தொட்டி ஜன்னலுக்குப் போயிற்று, ரோஸ். டியூப்லைட்டுக்கு வந்தது, வெள்ளை. ஆறு முறை போய் வந்தது. கூடவே நாற்பது பேர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார்கள். கடைசியில் ஊர்வலமாக லேபுக்கு வந்தார்கள். லைட் பாக்ஸில் வைத்தேன். பகல் வெளிச்சம்: ரோஸ். கடை விளக்கு: வெள்ளை. வீட்டு பல்பு: சந்தனம். "அட, மூணாவது ஆளு ஒண்ணு இருந்தா அவருக்கும் மேஜைல பங்கு வந்துருக்குமுங்க!" என்றார் முருகவேல்.

"அய்யா, நோட்டப் பாருங்க. எந்த வெளிச்சம்னு போட்டிருக்கு?" என்றாள் ஜோதிகா.

நோட்டைத் திறந்தேன். தேதி இருந்தது, மணி இருந்தது, சாட்சி இருந்தது. வெளிச்சம் இல்லை. முப்பத்தொரு ஆண்டில் ஒரு கைக்குட்டை நிறத்தைக்கூட அப்படி எழுதியவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, தென்னந்தோப்பு, அந்த ஒன்பது தொட்டிச் சிரிப்பு, எல்லாம் சேர்ந்து என்னை மறக்கடித்துவிட்டன. "எழுதலீங்க. தப்பு என்னுடையது" என்று சொன்னேன். நாற்பது பேரும் ஓவென்று கத்தினார்கள். அவ்வளவு சந்தோஷமாக என் தப்பை யாரும் கொண்டாடியதில்லை.

இதற்குள் சிவராஜுக்குப் போட்டோ போயிருந்தது. ஸ்பீக்கரில் பேசினார். "அம்மணி, ரோஸும் இருக்குது, கீழ புள்ளியும் இருக்குது பாருங்க. ரெண்டுஞ் சேந்த கலப்புங்க அது. பங்களாக்காரரு அப்பவே ரெண்டையுஞ் சேத்து வெதை எடுத்திருப்பாரு போல."

எல்லாரும் ராக்கம்மாளைப் பார்த்தோம். நூறு சதவீதம் வேண்டும் என்று ஓராண்டுக்கு மேல் தேடி, எட்டில் ஒன்றாகப் பொறுக்கி எடுத்த செடி மிக்சிங். அதிலும் புள்ளி. அவர் பெட்டிக்குள் குனிந்து பூவைப் பார்த்தார். வலது கை தானாக இடது மணிக்கட்டுக்குப் போய் ஒரு அம்பை உரித்தது. அம்பு விரல் நுனியில் நின்றது. பூவின் கீழ்ப்பாதியில் இந்தப் பக்கம் பதினான்கு புள்ளி, அந்தப் பக்கம் பதினான்கு புள்ளி.

"ஜோதி, இங்கிட்டு வா. இந்தப் புள்ளி எங்க இருக்கோ அதே எடத்துல அந்தப் பக்கமும் இருக்கு பாரு."

"ஆமாக்கா."

"கறை இப்பிடி ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல விழுகாதுடி. இது பிரிண்ட்டு!" என்றார். அம்பைத் தன் நெற்றியிலேயே பொட்டுபோல ஒட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "பீஸ் பாஸு!"

மேஜைக்கு வழி அங்கேயே பிறந்தது. அதைச் சொன்னது ஜோதிகாதான். "பகல்ல ரோஸு, டியூப்லைட்ல வெள்ளை. அப்ப பகல்ல யக்கா உக்காரட்டும். சாயங்காலம் லைட்டப் போட்டதும் நான்."

எங்கள் கம்பெனியில் பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடிந்து எட்டரை வரை அரை ஷிப்ட்.

"அப்ப ஒன் கண்ணுக்கு? பகல்லதானடி ஒனக்குத் தண்ணி வடியுது?" என்றார் ராக்கம்மாள். பதிலையும் அவரே சொன்னார். "மேஜை பெருசுதான. குறுக்க நீ ஒரு ஸ்டூலப் போடு. பகல்ல பாதி வெளிச்சம் ஒனக்கு. சாயங்காலம் முழு மேஜையும் ஒனக்கு. செடிக்குத் தண்ணி மட்டும் தெளிச்சுரு."

முதலாளியிடம் சொன்னார்கள். அவர், "எனக்கு மெஷின் ஓடுனாப் போதுமுங்க" என்றார். அன்று மாலையே மெஷின் பெட்டி பிரிக்கப்பட்டது.

மறுவாரம் சிவராஜ் போன் செய்தார். மீதி ஏழு தொட்டிகளை வாங்கிக்கொள்ளச் சொல்வார் என்று நினைத்தோம். அவர் கேட்டது வேறு. "அம்மணி, அந்தச் செகப்பு ஆரோ ஸ்டிக்கர் ஒரு சுருள் கெடைக்குமுங்களா? நல்ல செடிக்குத்தான் ஒட்டுவனுங்க, சாமி சத்தியமா."

மற்ற மொட்டுகளும் ஒவ்வொன்றாக விரிந்தன. மார்ச் 20 மாலை நான் கிளம்பும்போது ஏழாம் மேஜையில் ஜோதிகா இருந்தாள். பத்தொன்பது பூக்களும் அவள் தலைக்குமேல் வளைந்து நின்றன. பக்கத்தில் சிவராஜிடம் அவள் வாங்கி வைத்த புதுத் தொட்டி ஒன்று, இன்னும் பூக்காதது, வெள்ளி வரி இலை.

"இது என்ன நிறம் கண்ணு?" என்று கேட்டேன்.

"வெள்ளைதான்யா, எழுதிக்கங்க. யக்கா ரோஸுங்குது."

எழுதினேன். 20-03-2025, மாலை 6.15, டியூப்லைட் வெளிச்சம்.